உபதேசியார் ஒற்றைக் காலில் நின்ற படலம்

வாழி, உபகாரசாமி வாழி! ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே, மாதா கோவில் தெருவின் மணிமகுடமே, நாற்பத்தோராண்டு உபதேசியாராய் இருந்து, ஞானோபதேச வகுப்பில் தூங்கி விழுந்த தலைகளையெல்லாம் பிரம்பு நுனியால் தொட்டெழுப்பி மோட்சத்துக்கு வழிகாட்டிய பெருந்தகையே, எழுபத்திரண்டு வயதிலும் கஞ்சி குறையாத வேட்டியும் கழுத்துவரை பொத்தானிட்ட சட்டையும் மெழுகு தடவிய மீசையுமாய்த் தெருவில் இறங்கினால் நாய்களும் ஒதுங்கி நிற்கும் நடையழகே, வாழி! யானையை அடக்கியவரையும் கோட்டையைப் பிடித்தவரையும் பாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாம் பாட வந்தது நாற்காலியைப் பிடிக்காமல், சுவரைத் தொடாமல், கட்டிய மனைவியின் தோளை நாடாமல், ஒற்றைக் காலில் நிற்கப் புறப்பட்ட ஒருவரை. சிரிக்கிறவர்கள் எழுந்து ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுப் பிறகு சிரிக்கலாம்.

இப்பெருவீரருக்குப் பகைவன் யாரெனக் கேட்பீராயின், அவன் பெயர் தரை. வாளில்லை, வேலில்லை, வாயில்லை; வந்து தாக்கவும் மாட்டான்; படுத்த இடத்திலேயே படுத்திருந்து, கிழப்பருவம் எய்தியோர் தாமாக வந்து விழும் நாளைப் பொறுமையாய்க் காத்திருக்கும் கொடியோன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டின் தவக்காலத்தில், கிணற்றடிக் கல்லின்மேல் சவுக்காரத் தண்ணீரைத் தூதனுப்பி, கால் கழுவக் காலைத் தூக்கிய உபகாரசாமியை அவன் முதன்முறை வீழ்த்தினான். இடது மணிக்கட்டு முறிந்து நாற்பது நாள் மாவுக்கட்டு. ஆனி மாதக் கடைசியில் வாசற்படியில் கிடந்த கால்மிதிச் சாக்கைக் கையாளாக வைத்து இரண்டாம் முறையும் வீழ்த்தினான். இம்முறை எலும்பு தப்பியது. இடுப்பு மட்டும் கத்தரிக்காய் நிறமானது.

தோற்றேன் என்று சொல்வது மாவீரர் மரபன்று. கிணற்றடியில் தாம் விழவில்லை, சவுக்காரம் வழுக்கியது என்றார். வாசலிலும் விழவில்லை, சாக்கு இழுத்தது என்றார். இரண்டு போரிலும் களத்திலிருந்து அவரைத் தூக்கி எடுத்தவள் தெரசம்மாள். அவளுக்கு வயது அறுபத்தேழு. எடை அவருடையதில் பாதி. தூக்கிய பிறகு ஒவ்வொரு முறையும் நாலு நாள் அவளால் குனிய முடியவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

இனி, இப்போரில் பணயமாக வைக்கப்பட்ட பொருளைக் கேளுங்கள். செப்டம்பர் எட்டாம் தேதி மாதா திருவிழா. அன்று மாலை சப்பரம் தெருவைச் சுற்றும். சப்பரத்துக்கு முன்னே, ஏழடித் தேக்குக் கம்பின் உச்சியில் பித்தளைச் சிலுவை போகும். அந்தச் சிலுவையை முப்பத்தோராண்டாக ஏந்தி முன்னே நடந்தவர் உபகாரசாமி. பங்குச் சாமியார்கள் ஏழு பேர் மாறினார்கள், பிரிட்டிஷ்காரன் போனான், மின்சாரம் வந்தது. சிலுவை மட்டும் கை மாறவில்லை. அது இல்லாத உபகாரசாமியை அவரே கற்பனை செய்து பார்த்ததில்லை. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தபோது கலங்காதவர், இதை நினைத்தால் மட்டும் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார்.

இரண்டாம் வீழ்ச்சிக்குப் பிறகு, பங்குச் சாமியாராகிய பாக்கியநாதன் அடிகளார், அங்கி தூசு படாமல் தூக்கிப் பிடித்தபடி அவர் வீட்டுக்கு எழுந்தருளித் தம் கட்டளையை முழங்கினார்: “உபதேசியாரே, சிலுவையோட நீங்க உழுந்தீங்கன்னா, பின்னால வர்ற சப்பரமும் சேந்து உழும். அதுல மாதா இருக்கறாங்க, முந்நூறு மெழுகுவத்தி எரியுது. திருவிழாவுக்கு முந்தின ஞாயித்துக்கெழம நான் வாரேன். காலு நெலையா இருந்தா நீங்க. இல்லீன்னா தோமினிக்கு.”

தோமினிக்! அறுபத்தொரு வயது இளங்காளை. மேட்டூரிலிருந்து கொச்சி வரை லாரி ஓட்டி ஓய்ந்தவர். நிற்கும்போதும் பிரேக்கை மிதித்திருப்பவர்போல் அழுத்தமாய் நிற்பவர். உபகாரசாமியின் இடுப்பு கறுத்த செய்தி கேட்டு மனம் வருந்தியவர்களில் அவரே முதலாமவர். வருந்திய கையோடு கோவில் சாமான் அறைக்குப் போய், சிலுவைக் கம்பு தம் கைக்கு அடங்குகிறதா என்று ஒரு தடவை பிடித்தும் பார்த்தார். இந்தச் செய்தி அரை மணி நேரத்தில் உபகாரசாமியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அப்போதுதான் சேலத்துக் கன்னியர் ஆஸ்பத்திரி தன் படைக்கலத்தை அனுப்பியது. எக்ஸ்ரே படத்தில் எலும்பைப் பார்த்த டாக்டரம்மா, “அடுத்த தடவை இடுப்பெலும்பு, அது போனால் எழுந்திருக்கிற பேச்சே இல்லை” என்று சொல்லி, பிசியோதெரபி படித்த ஜெபமலர் என்னும் நங்கையைப் புதன்தோறும் வீட்டுக்கே வர ஏற்பாடு செய்திருந்தார். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். இருபத்து நாலு வயது. வெள்ளைச் சேலை, துணிப்பை, கையில் ஒரு கடிகாரம். பத்து மணி பஸ்ஸில் வந்திறங்கினாள். ஊசியோ, டானிக்கோ, குறைந்தபட்சம் ஒரு தைலமோ வரும் என்று காத்திருந்த வீரர், பையிலிருந்து வெளிவந்த ஒரே பொருள் அவளுடைய தண்ணீர் பாட்டில் என்று கண்டதும், வைத்தியக் கலை இந்நாட்டில் அழிந்துவிட்டது என்று முடிவு செய்தார்.

அவளோ அவருடைய நாடியைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்த்தாள். கால்மிதிச் சாக்கை நாடு கடத்தினாள். வாசற்படி விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசச் சொன்னாள். நடைவழியில் காலங்காலமாய் வேரூன்றியிருந்த மண்ணெண்ணெய் டின்னை மூலைக்குத் துரத்தினாள். தரையைக் கூட்டிக்கொண்டு போகும் வேட்டி நாலு விரல் மேலேற வேண்டும் என்றாள். வார் தளர்ந்த செருப்பை ஆணியில் மாட்டச் சொன்னாள். இவையெல்லாம் முடிந்த பின், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து பத்து முறை எழ வேண்டும் என்றும், வாசலிலிருந்து அடுப்படிவரை இழுத்த சுண்ணாம்புக் கோட்டில் ஒரு காலின் விரலுக்கு முன் மறு காலின் குதிகாலை வைத்து நடக்க வேண்டும் என்றும், முக்கியமாக ஒற்றைக் காலில் நிற்க வேண்டும் என்றும் மூன்று கட்டளைகள் பிறப்பித்தாள். விழப்போனால் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும் என்றும் சொன்னாள்.

எவ்வளவு நேரம் நிற்பது? சுவர்க் கடிகாரம் ஆறு வருடம் முன்பு பிஷப் வந்துபோன அன்று நாலு பத்துக்கு நின்றது. நல்ல நேரத்தில் நின்றதாகக் கருதி யாரும் அதைத் தொடவில்லை. ஜெபமலர் ஒரு கணம் யோசித்தாள். கத்தோலிக்க வீடு, சுவரில் மாதா படம், ஆணியில் செபமாலை. “அப்ப இப்படிச் செய்ங்க ஐயா. ஒரு பிரியதத்தம் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு கால். அடுத்ததுக்கு மறு கால். காலையில பத்து, சாயங்காலம் பத்து” என்றாள்.

ஐயகோ, அறியாச் சிறுபெண்ணே! பிரியதத்தம் என்பது மாதாவை வாழ்த்தும் மந்திரம். ஆத்தூர்ப் பக்கம் அதை மனிதர்கள் சொல்வதுபோல் சொல்வார்கள். ஒன்றுக்கு இருபது விநாடியாவது பிடிக்கும். யாரிடம் என்ன சொல்கிறோம் என்று நீ யாரையாவது கேட்டிருக்கலாம். உபகாரசாமியின் நாவு சாதாரண நாவன்று. செபமாலையின் ஐம்பத்துமூன்று மணிகளையும் மூன்று நிமிடத்தில் உருட்டி முடித்த நாவு அது. ஒரே மூச்சில் மூன்று மணிகளைத் தாண்டும். நாற்பத்தோராண்டாக அவர் முன்னின்று செபம் சொன்ன நாட்களில், அடுப்பில் உலை வைத்து வந்தவர்களும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும், எருமை கறக்கக் காத்திருந்தவர்களும் அவரை மனமார வாழ்த்தினார்கள். மாதா மட்டும் என்ன நினைத்திருப்பாள் என்பது தெரியவில்லை. சன்னலில் மாட்டிக்கொண்ட வண்டின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் அவள் காதுக்கு எட்டியிருக்க வழியில்லை.

ஆகவே மூன்று வாரம் நடந்தது போரன்று, பெருவெற்றி! காலைச் சூரியன் தறிக்கூடத்துக் கூரைமேல் ஏறும் வேளையில் வீரர் நடுக்கூடத்தில் வந்து நிற்பார், இடக்காலைத் தூக்குவார், நாவு சுழலும், ஆமென் ஒலிக்கும், கால் இறங்கும். தூக்கியதற்கும் இறக்கியதற்கும் நடுவே ஒரு கொசு உட்கார்ந்து எழ நேரமிராது. ஒரு முறுக்கைக் கடித்து விழுங்குவதற்குள் பத்தும் முடிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஒரு கரிக்கோடு போட்டார். பத்துக்கு முப்பதாகச் செய்தார். பிறகு தரையை நோக்கி மீசையை நீவி, “ஏ தரையே! இருமுறை வென்றோம் என்று இறுமாந்திராதே! மூன்றாவது முறை உன்மேல் விழப்போவது என் நிழல் மட்டுமே!” என்று பிரகடனம் செய்தார். தெரசம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நான்காம் புதன் வந்தது. முந்திய இரு புதன்களிலும் நாற்காலியிலிருந்து எழுவதையும் கோட்டில் நடப்பதையும் மட்டுமே பார்த்துப்போன ஜெபமலர், அன்று கரிக்கோடுகளைக் கண்டு மகிழ்ந்து, நிற்கச் சொல்லிவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது விநாடியில் வீரரின் கணுக்கால் காற்றில் ஆடும் தென்னங்கீற்றாயிற்று. கை இரண்டும் நீந்தின. பக்கத்தில் நின்ற தெரசம்மாளின் தோள் இருந்ததால் தரை அன்று பட்டினி கிடந்தது.

“ஐயா, தினமும் செய்றீங்களா?”

“கோட்டை எண்ணிப் பாருங்கம்மா! ஒண்ணு கொறையாது.”

“எப்படிச் செய்றீங்கன்னு ஒரு தடவை காட்டுங்க.”

காட்டினார். ஒரு ‘ப்ர்ர்ர்’ கேட்டது. ஓர் ஆமென் கேட்டது. கால் தரையில் இருந்தது. ஜெபமலர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். “இது என்னங்க ஐயா?” என்றாள்.

“பிரியதத்தந்தான்” என்றார் வீரர், சற்றே புண்பட்டவராய்.

தெரசம்மாள் அதற்குள் அடுப்படிக்குத் திரும்பியிருந்தாள்; கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அவள் அந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ வருடமாகியிருந்தது. ஜெபமலர் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு வழி புலப்பட்டுவிட்டது. “இனிமே நீங்க வாயே திறக்கக் கூடாது. அம்மா சொல்லட்டும். அம்மா ஆமென் சொன்னாத்தான் கால் கீழ வரணும்.”

தரையைவிடப் பெரிய பகை இப்போதுதான் களம் புகுந்தது. ஏனெனில், அந்தத் தெருவிலேயே செபத்தை மிக மெதுவாகச் சொல்கிறவள் தெரசம்மாள். தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தை இறக்கி வைப்பதுபோல ஒவ்வொரு சொல்லையும் இறக்கி வைப்பாள். வைத்த பிறகு அது சரியாக உட்கார்ந்ததா என்றும் பார்ப்பாள். குடும்ப செபத்தில் முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர் சொல்வது முறை. கல்யாணமாகி நாற்பத்தாறு ஆண்டாக அவள் தன் பாதியைச் சொல்லி முடித்ததே இல்லை. நடுவழியிலேயே அவர் பாய்ந்து தம் பாதியையும் முடித்து அடுத்த மணிக்குப் போயிருப்பார். நாற்பத்தாறு ஆண்டுகளாக வாயில் தேங்கிய சொற்கள் இப்போது ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கின, அவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது.

போதாததற்கு அவளுக்கு ஒரு விதி இருந்தது. இடையில் தடைபட்ட மந்திரம் மாதாவிடம் போய்ச் சேராது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாதி மந்திரத்தில் பால் பொங்கும். இறக்கி வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் உறைமோர் கேட்டு வருவாள். கொடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். வெள்ளைக் கோழி ஒன்று கூடத்துக்குள் நுழையும். சூ என்பாள், முதலிலிருந்து தொடங்குவாள். வீரரோ வாயைத் திறக்க முடியாமல், கண் பிதுங்க, மீசை நடுங்க, தொடை எரிய, ஆமென் என்ற அந்த ஒரு சொல்லுக்காக நாற்காலி முதுகைப் பற்றியும் விட்டும் பற்றியும் தவங்கிடந்தார். நிற்பதைவிடப் பேசாமல் இருப்பது அவருக்குக் கடினமாக இருந்தது. கோழி தவறாமல் அந்த நேரத்துக்கே வந்தது. வாசலில் கம்புத் தானியம் தூவி வைத்தது யார் என்று நாம் சொல்லப் போவதில்லை.

ஆறாம் புதனுக்கு மறுநாள், கோழி மூன்றாம் முறை நுழைந்தபோது, வீரர் காலைத் தொம்மென்று இறக்கிக் கர்ச்சித்தார்: “வேணும்னே இழுக்கற, புள்ள!”

தெரசம்மாள் மறுக்கவில்லை. “ஆமாங்க, வேணும்னுதான் இழுக்கறேன். கெணத்தடியில ஒருவாட்டி தூக்குனேன், வாசப்படியில ஒருவாட்டி தூக்குனேன். மூணாவது வாட்டி தூக்க எனக்குச் சீவனில்லீங்க. உங்களுக்குச் சிலுவையத் தூக்கோணும். எனக்கு உங்களத் தூக்காம இருக்கோணும்.”

ஞானோபதேச நூல் முழுவதையும் மனப்பாடமாய் அறிந்தவருக்கு வெட்கமாக இருந்தது. நாலு நாள் அவள் குனிய முடியாமல் அடுப்பை நின்றபடியே ஊதியது இப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. மறு காலைத் தூக்கினார். அவள் முதலிலிருந்து தொடங்கினாள்.

திருவிழாவுக்கு முந்திய ஞாயிறும் வந்தது. பாக்கியநாதன் அடிகளார் வந்தார்; அவருக்குப் பின்னே, தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததுபோல் தோமினிக்கும் வந்தார்; அவர் கையில் எண்ணெய் மணத்தது, கம்புக்குத் தடவிய எண்ணெயாகவும் இருக்கலாம். சன்னலில் அக்கம்பக்கத்து முகங்கள் அடுக்கடுக்காய் நிறைந்தன. வீரர் நடுக்கூடத்தில் நின்று, நாற்காலியைத் தம் கையாலேயே தள்ளி வைத்தார்.

“நானே சொல்றேன், நில்லுங்க” என்றார் அடிகளார். அந்தோ, என்ன வாய்ப்பு! அடிகளாரின் வேகமும் ஊரறிந்தது. வாரநாள் பூசையைப் பதினெட்டு நிமிடத்தில் முடித்துவிட்டுக் காப்பி ஆறுவதற்குள் அறைக்குத் திரும்புகிறவர். அவர் வாயில் ஒரு பிரியதத்தம் ஐந்து விநாடி. வெற்றி தட்டில் வைத்து நீட்டப்பட்டது. வீரர் அதைப் பார்த்தார். அடுப்படி வாசலில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவளையும் பார்த்தார்.

“வேண்டாஞ் சாமி. அவ சொல்லட்டும்.”

சொல்லிவிட்டார். சொன்ன வீரம் மூன்றாவது சொல் வரைக்கும்தான் தாங்கியது. தெரசம்மாள் தொடங்கினாள், என்றைக்கும்போல, ஒரு குடம், இன்னொரு குடம். முதற் குடத்தில் உள்ளங்கால் கூசியது. நாலாம் குடத்தில் கணுக்கால் கலகம் செய்தது. முழங்கால் தன் எழுபத்திரண்டு ஆண்டு மனக்குறைகளை ஒவ்வொன்றாய் எடுத்துரைக்கலாயிற்று. நெற்றி வியர்வை மீசை மெழுகில் இறங்கியது. தரை கீழே வாய் பிளந்து காத்திருந்தது. தோமினிக் மூச்சைப் பிடித்துக்கொண்டார், எந்த ஆசையால் என்பது அவருக்கும் கடவுளுக்கும் வெளிச்சம். அப்போது வாசல் வழியாக, தலையை ஆட்டியபடி, வெள்ளைக் கோழி வந்தது.

வீரர் கண்டார். முதலிலிருந்து தொடங்கினால் முடிந்தது கதை. தெரசம்மாளும் கண்டாள். கோழி அடிகளாரின் செருப்பைக் கொத்தியது. அவள் சூ என்று சொல்லவில்லை. கோழியே அங்கில்லாததுபோல் அடுத்த சொல்லை இறக்கி வைத்தாள்.

பின்பாதியும் வந்தது. மரண வேளையைக் குறிக்கும் இடத்துக்கு வந்தபோது அவள் குரல் நின்றது. இழுப்பதற்காக நிற்கவில்லை. நாற்பத்தாறு ஆண்டாக எட்டாத அந்த இடத்துக்கு இந்தச் சில வாரமாகத்தான் அவள் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால், கால் நடுங்க, வாய் பேசாமல், வயதான ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். அவர் விழக்கூடாது என்பதைத் தவிர அவளுக்கு அந்த நேரத்தில் வேறு செபமில்லை. மிச்சம் நாலே சொல். அவர் பாய்ந்து முடித்திருந்தால் அரை விநாடி. அவர் முடிக்கவில்லை. ஆடினார், ஆனால் அவளுக்காகக் காத்து நின்றார்.

“ஆமென்” என்றாள் தெரசம்மாள்.

கால், ஓடி நின்ற பஸ்ஸிலிருந்து மெதுவாக இறங்குவதுபோல் இறங்கியது. சன்னல் முகங்கள் ஆரவாரித்தன. அடிகளார் கோழியிடமிருந்து செருப்பை மீட்டுக்கொண்டு, “சிலுவை உங்களுக்குத்தான்” என்று தீர்ப்பளித்தார். தோமினிக் வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, இதிலென்ன இருக்கிறது என்பதுபோல் சிரித்துவிட்டுப் போனார். அன்று மாலை அவர் தம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு முயன்று பார்த்ததாகக் கேள்வி. மறுநாள் அவர் முழங்கையில் மஞ்சள் பற்று இருந்தது.

திருவிழா வந்தது. நாலு மணிக்குச் சப்பரம் எழுந்தது. பித்தளைச் சிலுவை வெயிலில் சுடர்விட, முப்பத்திரண்டாம் முறையாக உபகாரசாமி முன்னே அடியெடுத்து வைத்தார். முன்னெல்லாம் அரை மணி நேரத்தில் தெருவைச் சுற்றிச் சப்பரத்தை மூச்சிரைக்கக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். ஆனால் இப்போது அந்தக் கால்களுக்கு ஒரே ஒரு வேகம்தான் தெரியும். பின்னே பெண்கள் வரிசையில் தெரசம்மாளின் குரல் ஒரு சொல்லை இறக்கி வைத்தால் அவர் ஓர் அடி வைப்பார். குதிகாலுக்கு முன் விரல், விரலுக்கு முன் குதிகால். பேண்டுக்காரர்கள் தெரிந்த பாட்டையெல்லாம் மூன்று தடவை வாசித்துக் களைத்தார்கள். சப்பரம் சுமந்தவர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி மாதாவையே நொந்துகொண்டார்கள். “ஏனுங் உபதேசியாரே, காலு நகருதுங்களா இல்லீங்களா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கதறியது. முந்நூறு மெழுகுவத்தியும் உருகி அணைந்தன. கோவிலில் ஆக்கி வைத்திருந்த விருந்துச் சோறு ஆறிக் கட்டியானது. உபதேசியாரின் பழைய வேகத்தை முதன்முறையாக ஊரே ஏங்கி நினைத்தது. அவரோ எதையும் கேளாதவராய், மலையொன்று இடம்பெயர்வதுபோல் வந்து, விளக்கு வைத்து வெகுநேரத்துக்குப் பின், சிலுவை சாயாமல், அடி பிசகாமல், கோவில் வாசலில் நின்றார்.

வாழி, தரையை வென்ற தாளாண்மை! வாழி, சுண்ணாம்புக் கோடும் தள்ளி வைத்த நாற்காலியும் வெள்ளைக் கோழியும்! மாலையும் கழுத்துமாய், வெற்றித் திருமகள் முன்னே லாந்தர் பிடித்து வர, வீடு திரும்பிய மாவீரர், முதற்போரில் தாம் வீழ்ந்த அதே கிணற்றடிக் களத்தை அடைந்து, ஈரம் பளபளத்த அதே கல்லின்மேல் ஏறி, பகைவனை ஒருமுறை உற்று நோக்கி, தெருப்புழுதி படிந்த வலக்காலைத் தூக்கினார். லாந்தரைப் பிடித்திருந்தவள் உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் எதையும் பிடிக்கவில்லை. காலைக் கழுவி இறக்கினார். மறு காலைத் தூக்கிக் கழுவி இறக்கினார்.

தெரசம்மாள் துண்டைக் கொடுத்தாள். அவர் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சோறு சாப்பிட்டார்.